ரேடியோ வைத்த சேனை

1995ஆம் வருஷம் ஐப்பசியில் தொடங்கி மறு வருஷம் ஆடி வரைக்கும் மூணூத்துப்பட்டியில் பிறந்த பிள்ளைகளில் ஒன்றுகூட அழவில்லை. தலைகீழாகப் பிடித்துப் பிட்டத்தில் தட்டினாலும் அழவில்லை, தடுப்பூசி போட்டாலும் அழவில்லை. எறும்பு கடித்தால் கடித்த இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சும்மா கிடந்தன. அந்த வருஷம் ஆத்தூர்ப் பக்கம் தக்காளிக்கு விலையில்லாமல் ஆட்டுக்குப் போட்டார்கள், சித்தையன்கோட்டைப் பக்கம் நெல் நன்றாக விளைந்தது, ஊர்க் கிணற்றில் ஒரு எருமை விழுந்து பிழைத்தது. இதையெல்லாம் நினைவில் வைத்திருப்பவர்கள் பிள்ளைகள் அழாததையும் அதே வரிசையில் வைத்து, எருமைக்கு அடுத்தபடியாகச் சொல்வார்கள்.

அதற்குக் காரணமாக இருந்தவள் திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் குடியிருந்த லிடியா. கணவர் ராயப்பராஜ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இருவருக்கும் இனிகோ என்று ஒரு மகன் இருந்தான். 1993 ஆவணியில், இரண்டு வயது நிறைவதற்கு முன்னால், மூளைக்காய்ச்சலில் இறந்துபோனான். லிடியா அவனுக்குச் சீம்பால் கொடுத்திருந்தாள், தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்திருந்தாள், ஒரு ஊசியைக்கூடத் தவறவிட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மத்தியானம் அவன் கண்ணைத் திறந்து பழம் கேட்டான். ராயப்பராஜ் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய்ச் சிறுமலை வாழைப்பழம் வாங்கிவந்தார். உரித்துக் கொடுத்ததில் ஒரு கடி கடித்தான். மீதிப் பழம் அவள் கையில் இருக்கும்போதே போய்விட்டான். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வீடு வரைக்கும் கையிலேயே கொண்டுவந்தாள். பிறகு ராயப்பராஜ்தான் விரல்களைப் பிரித்து அதை எடுத்து, எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் அழுதார்கள், அவளுக்கு வரவில்லை. அதிர்ச்சி, பிறகு வரும் என்றார்கள். பிறகும் வரவில்லை. பசியும் அதோடு நின்றுபோனது. தட்டில் வைத்தால் சாப்பிடுவாள். வைக்க மறந்துவிட்டால் தான் சாப்பிடவில்லை என்பதே அவளுக்குத் தெரியாது.

மறு வருஷம் அவள் வேலைக்குப் போனாள். கிராமத்துத் தாய்மார்கள் கைப்பிள்ளைக்கு எதைக் கொடுக்கிறார்கள், எதைக் கொடுக்கப் பயப்படுகிறார்கள், ஏன் பயப்படுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குத் தக்கபடி வானொலியில் நிகழ்ச்சி நடத்த ஒரு தொண்டு நிறுவனம் ஆள் எடுத்தது. அதற்குத் தலைவர் மோகன்குமார். சின்னாளப்பட்டிக்காரர், தறி ஓட்டிய குடும்பத்தில் முதல் பட்டதாரி, கெட்டிக்காரர், தான் கெட்டிக்காரர் என்பதும் தெரிந்தவர். புதிதாக வந்த பெண்களுக்கு அவர் முதல் நாளே பாடம் எடுத்தார். "நல்லதுன்னும் சொல்லக் கூடாது, கெட்டதுன்னும் சொல்லக் கூடாது. அய்யய்யோன்னு வாயைப் பொளந்தா அடுத்த வார்த்தை உங்களுக்கு வராது. மூஞ்சிய சுவராட்டம் வச்சுக்கிட்டுக் கேக்கணும்." கூட வந்த அமலராணியால் அது முடியவில்லை. வயிற்றுப்போக்குக்குத் தண்ணியை நிறுத்தினோம், பிள்ளை போயிருச்சு என்று ஒருத்தி சொன்னபோது அமலராணி டேப் ரிக்கார்டரை அணைக்கவும் மறந்து அழுதுவிட்டாள். லிடியாவுக்குப் பாடமே தேவைப்படவில்லை. அவள் முகம் ஏற்கெனவே சுவராகத்தான் இருந்தது. இந்த வேலையில் கேட்பவள் அவள், பதில் சொல்ல வேண்டியவர்கள் மற்றவர்கள் என்பது அவளுக்குத் தோதாக இருந்தது.

ஒரு வருஷம் வத்தலக்குண்டு முதல் சின்னாளப்பட்டி வரைக்கும் ஊர் ஊராகப் போய்க் கேட்டாள். சீம்பால் சீழ் மாதிரி, அதைக் கறந்து செடிக்கு ஊற்றிவிட வேண்டும் என்றார்கள். முட்டை சூடு, கீரை பேதி, வாழைப்பழம் சளி என்றார்கள். பிள்ளையை எடை போட்டால் கண்ணேறு பட்டு இளைத்துப்போகும், அதனால் எடைக்காரம்மா வரும் நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவோம் என்று எடைக்காரம்மாவின் சொந்த நாத்தனாரே சொன்னாள். லிடியா எதற்கும் தலையாட்டவில்லை. "வேற?" என்று மட்டும் கேட்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் பெண்கள் அவிழ்ந்துகொண்டார்கள். புருஷனிடம் சொல்லாததையும், சாமியிடம் சொல்லாததையும் அவளிடம் சொன்னார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகமாகச் சொன்னது சேனையைப் பற்றித்தான். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டாகச் சர்க்கரைத் தண்ணியோ தேனோ தொட்டு வைப்பதுதான் சேனை. வைப்பவர் யாரோ அவர் குணம் பிள்ளைக்கு வரும். அதனால் ஊரில் நல்ல பேர் எடுத்தவராகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். பிள்ளை பின்னால் தறுதலையாகப் போனால், "இதுக்கு எவன்டா சேனை வச்சது?" என்று தேடிப்பிடித்துத் திட்டுவதும் உண்டு. மூணூத்துப்பட்டியில் இது பெரும் வில்லங்கமாக இருந்தது. ஆத்தூருக்குத் தெற்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்த அந்தச் சின்ன ஊரில் வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு, கோயில் முதல் மரியாதைத் தகராறு என்று எல்லோரும் எல்லோரோடும் சண்டை போட்டு முடித்திருந்தார்கள். ஒருவரைச் சேனை வைக்கக் கூப்பிட்டால் இன்னொரு வீட்டார் பத்து வருஷத்துக்குப் பேசமாட்டார்கள். சீனித் தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்கள் வாசலில் சட்டம் பேசிக்கொண்டிருக்க, பிள்ளை உள்ளே தொண்டை வறண்டு கத்திக்கொண்டிருக்கும்.

மோகன்குமார் ஒலிநாடாக்களை எல்லாம் கேட்டுவிட்டு, சேனையே கூடாது என்று நேரடியாகச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று முடிவுசெய்தார். அது சரியான முடிவுதான். அதனால் நிகழ்ச்சியை இப்படி எழுதினார்: பிள்ளைக்கு நல்ல குணம் வர நல்ல சொல் போதும், நாக்கில் ஒன்றும் வைக்க வேண்டாம், காதில் ஒரு நல்ல சொல்லைச் சொல்லுங்கள், பிறகு தாயின் சீம்பாலைக் கொடுங்கள். எழுதி முடித்ததும் தன் தொடையைத் தானே தட்டிக்கொண்டார். வாசிக்க மதுரையிலிருந்து நாடக நடிகை ஒருத்தியை வரவழைத்தார்கள். அந்தக் குரலை ஊர்ப் பெண்களுக்குப் போட்டுக்காட்டியபோது, பவுடர் விக்கிறாகளா என்று கேட்டார்கள். ஒரு நாடாவின் தொடக்கத்தில் ஊர்ப் பேரும் தேதியும் சொல்லும் லிடியாவின் குரல் தற்செயலாக ஓடியது. பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "ஆஸ்பத்திரியில டோக்கன் கூப்புடுற மாதிரி இருக்கு. ஆனா இந்தம்மா பொய் சொல்லாது" என்றார்கள். அப்படித்தான் லிடியா வாராவாரம் வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றே கால் மணிக்கு வானொலியில் பேச ஆரம்பித்தாள். முட்டை கொடுங்கள், கீரை கொடுங்கள், வாழைப்பழம் சளி பிடிக்காது என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். வாழைப்பழம் என்ற வார்த்தையைச் சொல்லும்போதும் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. அதை அவளே கவனித்தாள், கவனித்ததோடு சரி.

மூணூத்துப்பட்டியில் தங்கமுத்து பொன்னழகு தம்பதிக்கு அந்த ஐப்பசியில் முதல் பிள்ளை பிறந்தது. பிரசவம் பார்த்தவர் சித்தையன்கோட்டையிலிருந்து வந்திருந்த ஜெய்தூன் பீவி. வாசலில் தங்கமுத்துவின் அக்காளுக்கும் பொன்னழகின் அண்ணன் பொம்மையனுக்கும் சேனை யார் வைப்பது என்று சண்டை தொடங்கி, பழைய நகை விவகாரம் வரைக்கும் போய்விட்டது. மாடக்குழியில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து லிடியா பேச ஆரம்பித்தாள். ஜெய்தூன் பீவிக்கு முட்டுவலி, வேறு வீட்டில் இன்னொரு பிரசவம் வேறு காத்திருந்தது. "யாத்தே, உங்க பஞ்சாயத்து முடியுமுன்ன பிள்ளைக்குப் பல்லு மொளச்சுரும். இந்த ரேடியோக்காரம்மாவே வைக்கட்டும். அதுக்கு எந்த வீட்டோடயும் சண்டை இல்லேல்ல" என்று சொல்லி, துணியில் சுற்றிய பிள்ளையை ரேடியோவின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார். வீறிட வாயைத் திறந்திருந்த பிள்ளை வாயை மூடியது. நிகழ்ச்சி முடியும்வரை கண்ணை விழித்துக் கேட்டது. பொம்மையனும் தங்கமுத்துவின் அக்காளும் இது இரண்டு பேருக்கும் தோல்வி என்பதால் ஒப்புக்கொண்டார்கள். பிள்ளைக்குத் தீபா என்று பேர் வைத்தார்கள்.

இந்த வழி ஊருக்குப் பிடித்துப்போனது. ரேடியோக்காரம்மாவுக்கு வாய்க்காலும் இல்லை, வரப்பும் இல்லை, ஊரில் பங்காளியும் இல்லை. அதன்பிறகு பிறந்த பிள்ளைகளை எல்லாம் ரேடியோவுக்குக் காட்டினார்கள். வியாழக்கிழமை பிறக்காத பிள்ளைகளுக்காகப் பால்பண்ணைக்காரர் முகமது பாரூக் தன் டேப்பில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்து வைத்து இரவல் கொடுத்தார். மற்ற ஊர்களில் எல்லாம் சீனித் தண்ணியை வைத்துவிட்டு, கேட்டால் வைக்கவில்லை என்று சொன்னார்கள். மூணூத்துப்பட்டியில் மட்டும் நிஜமாகவே ஒரு சொட்டும் வைக்கவில்லை. மோகன்குமார் இதை அறிக்கையாக எழுதி டெல்லியில் வாசித்தார், கைதட்டல் வாங்கினார், இரண்டு மாதத்தில் டெல்லிக்கே வேலை மாறிப் போய்விட்டார். பிள்ளைகள் அழுவதில்லை என்பது அறிக்கையில் நல்ல விஷயமாகவே இருந்தது.

ஆனால் அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று சும்மாவா சொன்னார்கள்? அழாத பிள்ளைக்கு எப்போது பசிக்கிறதென்று பெற்றவளுக்கே தெரியவில்லை. மார்பில் வைத்தால் சில நாள் குடித்தன, சில நாள் காம்பை வாயில் வைத்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தன. தை மாதம் தொடங்கியபோது பிள்ளைகள் எல்லாம் இளைத்துவிட்டன. டாக்டர் பார்த்தார், ஒரு குறையும் இல்லை என்றார். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், கயிறு கை சிறுத்துக் கழன்று விழுந்தது. கடைசியில் ஜெய்தூன் பீவிதான் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யாரு வச்ச சேனையோ அந்தக் குணம்னு நீங்கதான சொல்லுவீக? அந்தம்மா யாரு, என்ன குணம்னு எவளாச்சும் போயி விசாரிச்சீகளா?"

பொன்னழகும் இன்னும் மூன்று பெண்களும் விசாரிக்கப் போனார்கள். தீபாவை ஜெய்தூன் பீவியிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினார்கள். மேட்டுப்பட்டியில் வீடு கண்டுபிடித்துப் போனபோது லிடியா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் ராயப்பராஜ் தேர்வுத் தாள் திருத்த வெளியூர் போயிருந்ததால் அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கேட்டபோது யோசித்துப் பார்த்து, "இல்லபோல" என்றாள். பொன்னழகுக்கு அந்தப் பதிலைக் கேட்டதும் தன் மகளே வளர்ந்து உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. நேராக அடுப்படிக்குப் போய்ச் சோறு வடித்து, ரசம் வைத்து, ஒரு வெஞ்சனமும் செய்து, தட்டை மடியில் வைத்தாள். லிடியா சாப்பிட்டாள். சாயங்காலம் ஊர் திரும்பியபோது ஜெய்தூன் பீவி பஸ் நிற்கும் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மத்தியானம் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பால் குடித்தன என்றார்.

அதற்குப் பிறகு யாரும் காரணம் தேடவில்லை, ஏற்பாடு செய்தார்கள். வாய்க்கால் தண்ணிக்கு முறை வைப்பதுபோல லிடியாவுக்குச் சோற்று முறை வைத்தார்கள். வாய்க்காலில் வந்த சண்டை இதில் வரவில்லை. காலையிலும் சாயங்காலமும் ராயப்பராஜ் பொறுப்பு, மத்தியானம் ஊர் பொறுப்பு. முறைக்காரி தூக்குச் சட்டியோடு முதல் பஸ்ஸில் வருவாள். முறை தொடங்குமுன் லிடியாவிடம் விசாரணை நடந்தது. பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அவள் தங்களிடம் கேட்ட கேள்விகளையே, அதே குரலில், அவளிடம் கேட்டார்கள்.

"உங்களுக்கு என்ன சேரும்க்கா?"

"எல்லாம் சேரும்."

"என்ன ஆகாது?"

"வாழைப்பழம் மட்டும் வேண்டாம்."

"சளியா?"

"இல்ல."

"வேற?" என்றாள் பொன்னழகு.

ஒரு மகன் இருந்ததையும், அவன் கடித்த மீதியைக் கையில் வைத்திருந்ததையும் லிடியா அன்றைக்குச் சொன்னாள். டோக்கன் கூப்பிடும் குரலிலேயே சொன்னாள். நால்வரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பேர் என்ன என்று கேட்க ஒருத்தி வாயெடுத்தபோது, "பேர் வேண்டாம்" என்றாள். அதை அவர்கள் அதன்பிறகு கேட்கவில்லை.

பிள்ளைகள் தேறின. லிடியா சாப்பிட்டால் சாப்பிட்டன, லிடியா தூங்கினால் தூங்கின. தவக்காலத்தில் அவள் ஒருசந்தி இருந்த முதல் வெள்ளிக்கிழமை ஊரே பதறிப்போய்ப் பங்குச் சாமியாரிடம் ஆள் அனுப்பியது. அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பச்சைப் பிள்ளைகளைப் பட்டினி போடும் நோன்பு ஆண்டவருக்கு வேண்டியதில்லை என்று விலக்குக் கொடுத்தார். ராயப்பராஜ் மீந்த சோற்றைச் சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தொந்தி வைத்தார். வானொலி நிகழ்ச்சி அந்த ஆடியில் நின்றது, பிள்ளைகளை ரேடியோவுக்குக் காட்டுவதும் அதோடு நின்றது, நிறுவனம் வேறு ஊருக்குப் போனது, லிடியா ஒரு பள்ளியில் நூலகம் பார்த்தாள். முறைச் சோறு நிற்கவில்லை. 2003 வறட்சியில் தென்னை மரங்கள் கொண்டை சாய்ந்து செத்தபோது சோளக்கஞ்சியாக வந்தது. 2006இல் அவளுக்குச் சிக்குன்குனியா வந்து கால் மடக்க முடியாமல் கிடந்தபோது மூணூத்துப்பட்டியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் கால் மடக்க முடியாமல் பெஞ்சில் நீட்டிப் படுத்துக்கொண்டு பாடம் கேட்டார்கள். அவளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்றைக்கு எல்லோரும் இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ரேடியோப் பிள்ளைகள் என்று அவர்களுக்குப் பேராகிவிட்டது. சொன்ன பேச்சுக் கேட்பார்கள், அடித்தால் அழமாட்டார்கள், பரிசு கொடுத்தால் வாங்கி மேஜையில் வைப்பார்கள். வாழைப்பழம் மட்டும் ஒருவரும் தொடமாட்டார்கள். அதற்கு மேல் அவர்களிடம் குறை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பெற்றவர்களுக்கு மட்டும், பிள்ளை தன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு தடவையாவது அடம்பிடித்து அழாதா என்று இருந்தது. பக்கத்து ஊரில் ஏதாவது பிள்ளை வீறிட்டால் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

2009 மாசியில் தங்கமுத்து மோட்டார் ரூமில் ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டு இறந்துபோனார். தீபாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஒப்பாரிக்காரிகள் அவளைக் கொண்டுவந்து அப்பன் தலைமாட்டில் உட்காரவைத்து, அழட்டும் என்று பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். தீபா அப்பன் முகத்தில் உட்கார்ந்த ஈயைக் கையால் ஓட்டினாள். மறுபடி வந்தது, மறுபடி ஓட்டினாள். எடுக்கும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். தங்கமுத்துவுக்கு மகள்மேல் உயிர். அது ஊருக்கே தெரியும். எருமை விழுந்ததைப் பொறுத்துக்கொண்ட ஊர், சேனையைப் பொறுத்துக்கொண்ட ஊர், இதைப் பொறுக்கவில்லை. அப்பனுக்கு அழாத பிள்ளை என்று தண்ணிக் குழாயடியில் பேசினார்கள்.

புருஷனைப் பறிகொடுத்தவள் பதினாறாம் நாள் கருமாதி முடியாமல் வீட்டுப் படி தாண்டக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பொன்னழகு பத்தாம் நாளே தாண்டினாள். யாரையும் கேட்கவில்லை. திண்டுக்கல்லுக்கு வந்து லிடியா வீட்டு வாசலில் நின்றாள். முதல் தடவையாக அவள் கையில் தூக்குச் சட்டி இல்லை.

"ஒண்ணும் கொண்டாரலக்கா."

"இந்த நேரத்துல ஏன் அலையிற பொன்னழகு? உள்ள வந்து உக்காரு."

"உக்கார வரல. இம்புட்டு வருசமா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கேனா? இப்பக் கேக்குறேன். ஒரே ஒரு தடவை அழுதுருங்க."

லிடியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் முயற்சி பண்ணாமயா இருக்கேன்? வரமாட்டேங்குது."

"ஊரு பேசுறதுக்காகச் சொல்லல. பேசுறவுக பேசிட்டுப் போகட்டும். எம்புள்ள ராத்திரி பூரா நெஞ்சத் தடவிக்கிட்டே படுத்துருக்கா. என்னடின்னா, உள்ள கல்லு மாதிரி இருக்கும்மா, எடுக்கத் தெரியலங்கிறா. நான் என்னக்கா பண்ணுவேன்? அவளுக்குச் சோறு வேணும்னா உங்களுக்கு ஊட்டுவேன். இதுக்கு என்னத்தக் கொண்டாந்து ஊட்டுறது?"

அந்தக் கல் லிடியாவுக்குத் தெரியும். அதோடு பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவள். தன்னோடு போகட்டும் என்றுதான் இருந்தாள். ஒரு பிள்ளையின் நெஞ்சிலும் அது உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டபோது அவளுக்குப் பயமாக இருந்தது. பயம் என்று ஒன்று வந்ததே அவளுக்கு ஆச்சரியம்.

"உங்க மகன் பேரென்னக்கா?" என்றாள் பொன்னழகு.

"இனிகோ."

இருவரும் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. பொன்னழகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சரி, கருமாதிக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

கருமாதியன்று காலை லிடியா தனியாகக் கிளம்பினாள். ராயப்பராஜுக்குப் பள்ளியில் பரீட்சை. பஸ் ஸ்டாண்டு வாசலில் நர்கீஸ் என்பவர் சிறுமலைப் பழத் தாரைத் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருப்பார். லிடியா எப்போதும் எதிர்ப்பக்கமாகச் சுற்றித்தான் போவாள். அன்றைக்குச் சுற்றவில்லை. ஒரு பழம் கேட்டாள். "தோலு சுருங்கியிருக்கேன்னு பாக்காதீங்கம்மா, அப்பத்தேன் உள்ள இனிக்கும்" என்று நர்கீஸ் பிய்த்துக் கொடுத்தார். விலை மூன்று ரூபாய். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. செம்பட்டி தாண்டும்வரை பழத்தைக் கையில் வைத்திருந்தாள். பிறகு உரித்து ஒரு கடி கடித்தாள். அவன் கடித்த அளவுதான். மெல்லிய புளிப்பும் இனிப்பும் நாக்கில் பட்டது. விழுங்கினாள், ஒன்றும் ஆகவில்லை. கையில் மீதி இருந்தது. அதைப் பார்த்தாள். அந்த மீதியை எங்கே வைப்பது என்று மறுபடியும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த வெற்றிலைக்காரர் முத்துச்சாமி, "சாப்பிடுங்கம்மா, வீணாப் போகுதுல்ல" என்றார். சும்மா சொன்னார், அவருக்கு ஒன்றும் தெரியாது. லிடியா மீதியையும் வாயில் வைத்தாள். பாதி மெல்லும்போது அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டிரைவர் ஆடுதான் அடிபட்டுவிட்டது என்று பிரேக் போட்டார். அவள் மகன் பேரைச் சொல்லி, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டி, வாயில் பழத்தோடு, ஊர் போய்ச் சேரும்வரை அழுதாள். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை.

மூணூத்துப்பட்டியில் ஐயர் பிண்டத்துக்கு எள் கேட்டுக்கொண்டிருந்தபோது அது நடந்தது. அப்பன் படத்துக்கு முன்னால் தட்டு ஏந்தி நின்ற தீபா தட்டைப் போட்டுவிட்டு, "அப்பா" என்று தரையில் விழுந்து கதறினாள். அதே நிமிஷம் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு மொத்தமும் கதறியது. பூப்பறிக்கப் போயிருந்த இரண்டு பெண்கள் செடிக்கு நடுவில் உட்கார்ந்து கதறினார்கள். கிணற்றில் நீந்திக்கொண்டிருந்த ஒருவன் படியைப் பிடித்துக்கொண்டு கதறினான். மீசை அரும்பத் தொடங்கிய பையன்கள் அம்மா அம்மா என்று அலறிக்கொண்டு தெருவில் ஓடிவந்தார்கள். பதின்மூன்று வருஷத்து அழுகை மொத்தமாக வந்ததில் தென்னை மரத்துக் காக்கைகள் எல்லாம் ஊரைவிட்டுப் பறந்தன. முட்டுவலியோடு பந்தலில் உட்கார்ந்திருந்த ஜெய்தூன் பீவி காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, "நல்ல சத்தம். பிள்ளைக திடமாத்தேன் இருக்குதுக" என்றார். ஏன் அழுகிறாய் என்று எந்தத் தாயும் கேட்கவில்லை. ஒருத்தி கரைத்த கஞ்சியோடு ஓடினாள், ஒருத்தி பால் செம்போடு ஓடினாள், ஒருத்தி கருமாதிப் பந்தியிலிருந்து இலையோடு சோற்றை அள்ளிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

பஸ் வந்து நின்றது. லிடியா இறங்க முடியாமல் படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். பொன்னழகு மகளை அணைத்தபடியே எழுந்து வந்தாள். இருவர் முகத்தையும் ஒரே முந்தானையால் துடைத்தாள். "பசிச்சிருக்கும், வாங்க" என்று கூட்டிப்போய் இலை முன்னால் உட்காரவைத்தாள்.

லிடியா சாப்பிட்டாள். இலையில் போட்டது தீர்ந்ததும் நிமிர்ந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் சோறு" என்றாள். அவள் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. அதே நேரம் ஊரில் எல்லா ரேடியோப் பிள்ளைகளும் தட்டை நீட்டியதால் கருமாதிச் சோறு பற்றாமல் போனது. பொம்மையன் சித்தையன்கோட்டைக்கு அரிசிக்கு ஆள் அனுப்பினார். மறுபடியும் உலை வைத்தார்கள்.